தம்பி பேருக்கு ஒரு சீட்டு!

பாரிஸில் இறங்கிய இரண்டாம் நாளே என் கைக்கு ஒரு சீட்டு வந்து சேர்ந்தது. நானாக எடுக்கவில்லை. திணித்தார்கள்.

பார்பெஸ் மெட்ரோ ஸ்டேஷன் வாசல். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு ரங்கநாதன் தெரு எப்படி இருக்குமோ, அப்படி ஜனம். ஒருவர் விசிட்டிங் கார்டு சைஸில் ஒரு துண்டுக் காகிதத்தை என் உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். எல்லாம் பிரெஞ்சு. எனக்குத் தெரிந்த பிரெஞ்சோ 'போன்ஜூர்', 'மெர்ஸி' என்ற இரண்டு வார்த்தைகள்தான். ஏதோ தள்ளுபடிக் கூப்பன் போலிருக்கிறது என்று பத்திரமாகப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். நம்ம புத்தி!

ராத்திரி சகலையிடம் காட்டினேன். சகலை புதுச்சேரிக்காரர். தாத்தா காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை. லா ஷாப்பல் பகுதியில் நாலாவது மாடியில் வீடு. கீழே இறங்கினால் கறிவேப்பிலை, முருங்கைக்காய், உளுந்து வடை, புடவைக் கடை, தமிழ் போர்டுகள். கொஞ்ச தூரத்தில் மாணிக்க விநாயகர் கோவில். ஈஃபில் டவர் மட்டும் இல்லையென்றால் பாரிஸுக்கு வந்ததாகவே சொல்ல முடியாது.

சகலை நோட்டீஸைப் படித்துவிட்டுச் சிரித்தார். "இது கூப்பன் இல்லை சகலை, மந்திரவாதி நோட்டீஸ். பிரிஞ்ச பொண்டாட்டி திரும்பி வருவா, பரீட்சை பாஸாகும், வேலை கிடைக்கும், விசா கிடைக்கும்..."

"விசாவுமா?"

"இந்தப் பேட்டையிலே அதுக்குத்தான் கிராக்கியே!"

அப்போது மூலையில் தட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டான். அதை நான் கவனித்தேன்.

* * *

சகலை வீட்டில் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்திருந்த பையன் அவன். வடமராட்சிக்காரன். வயது இருபத்தாறு. ஒரு ரெஸ்டாரெண்டின் பின்கட்டில் கோப்பை கழுவுகிற வேலை. (யாழ்ப்பாணத் தமிழில் கோப்பை என்றால் சாப்பாட்டுத் தட்டு. இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு நாள் பிடித்தது.) அகதி விண்ணப்பம் போட்டு, முதல் தடவை தள்ளுபடியாகி, மேல்முறையீடு செய்துவிட்டு விசாரணைத் தேதிக்காகக் காத்திருந்தான்.

அந்தத் தெருவில் இரண்டு தமிழர்கள் சந்தித்தால் கேட்டுக்கொள்கிற முதல் கேள்வி, "காட் கிடைச்சிட்டுதோ?" என்பதுதான். காட் என்றால் கார்டு. அகதியாக ஏற்றுக்கொண்டால் பத்து வருஷத்துக்கு ஒரு வசிப்பிட அட்டை. ரேஷன் கார்டு சைஸ்கூட இல்லை, ஏ.டி.எம். கார்டு சைஸ். அது இருந்தால் மனிதன். இல்லையென்றால் மெட்ரோவில் டிக்கெட் பரிசோதகரைக் கண்டாலும் வயிறு கலங்கும்.

பையன் மறுநாள் என்னைத் தனியாகப் பிடித்தான்.

"அண்ணை, நீங்கள் பேப்பரிலை எழுதுற ஆள்தானே? ஞாயிற்றுக்கிழமை ஒரு இடத்துக்கு என்னோடை வாறியளோ?"

"எங்கே தம்பி?"

"ஒரு வெள்ளைக்கார மனிசி. சீட்டுப் போட்டுப் பார்ப்பா. ரெண்டு தரம் போனனான். அரை மணித்தியாலத்துக்கு அம்பது யூரோ. கள்ளியெண்டால் நீங்கள் கண்டுபிடிப்பியள்."

ஐம்பது யூரோ என்றால் அவனுக்கு ஐந்தாறு மணி நேரம் கோப்பை கழுவின காசு. பி.காம். படித்தவனுக்கு வேறு எது தெரியாவிட்டாலும் இது தெரிந்துவிடும். சரி என்றேன். ஞாயிறுக்கு மூன்று நாள் இருந்தது. அதற்குள் இந்தச் சீட்டுச் சமாசாரத்தைக் கரைத்துக் குடித்துவிடுவது, அந்த அம்மாள் எந்தச் சீட்டைப் போட்டாலும் மடக்குவது என்று முடிவு செய்தேன்.

* * *

மார்க்ஸ் தோர்முவா ஸ்டேஷனில் 12-ஆம் நம்பர் மெட்ரோவில் ஏறினால் நேரே தெற்குக் கோடியில் கொண்டுபோய் விடுகிறது. இஸி-லெ-மூலினோ என்ற புறநகர். அங்கேதான் சீட்டுக்கட்டுக்கென்றே ஒரு மியூசியம். 1999-ல் ஐரோப்பாவின் சிறந்த மியூசியம் என்று விருது வாங்கியது. நம் ஊரில் மூணு சீட்டு ஆடினால் போலீஸ் வரும். அங்கே சீட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து டிக்கெட் வாங்குகிறார்கள்.

அங்கே பார்த்ததையும், பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். ஜோசியச் சீட்டு என்றால் எல்லாம் ஒன்று என்று நாம் நினைக்கிறோம். 'டாரட்' என்று ஒரே பெயரில் முடித்துவிடுகிறோம். அது தப்பு. சோடா, கலர், சர்பத் மூன்றையும் 'தண்ணி' என்கிற மாதிரி.

முதல் வகை டாரட். மொத்தம் 78 சீட்டு. இதில் 56 நம் சீட்டுக்கட்டு மாதிரிதான், நாலு ஜாதி. ஆனால் ஸ்பேட், ஹார்ட்டின் இடத்தில் கோப்பை, வாள், காசு, தடி. (இந்தக் கோப்பை குடிக்கிற கோப்பை. பையனுடைய கோப்பை அல்ல.) ராஜா, ராணி, சிப்பாயோடு குதிரை வீரன் ஒருவனும் சேர்த்தி. மிச்சம் 22 படச்சீட்டுகள். பைத்தியக்காரன், மந்திரவாதி, சக்கரவர்த்தி, தூக்கில் தலைகீழாகத் தொங்குகிறவன், சூரியன், சந்திரன் என்று போகும். பழைய மார்செய் கட்டுகளில் 13-ஆவது சீட்டில் எலும்புக்கூடு ஒன்று அரிவாளோடு நிற்கும். மற்ற படச்சீட்டுகளுக்கெல்லாம் பெயர் உண்டு. அதற்கு மட்டும் பெயர் எழுதமாட்டார்கள்.

இதில் பெரிய வேடிக்கை, டாரட் பிறந்தது ஜோசியத்துக்காக அல்ல. 1440-களில் வடக்கு இத்தாலியில் பிரபுக்கள் பொழுதுபோக்காக ஆடிய ஆட்டம் அது. அந்த 22-ம் நம் ஊர் துருப்புச்சீட்டு மாதிரி, மற்றதை வெட்டுவதற்கு. மிலான் பிரபுக்களுக்காகத் தங்கத் தகடு ஒட்டி வரைந்த கட்டு ஒன்றில் 74 சீட்டு இன்றும் இருக்கிறது. ஃபிரான்ஸில் இன்றைக்கும் டாரட் என்றால் பல பேருக்கு ஜோசியம் ஞாபகம் வராது, நாலு பேர் உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம்தான் ஞாபகம் வரும்.

பின்னே ஜோசியம் எப்படி உள்ளே வந்தது? 1781-ல் கூர் த ஜெப்லான் என்ற பாரிஸ் அறிஞர், "இதெல்லாம் பழைய எகிப்தின் ஞான நூல், சீட்டு வடிவத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்" என்று எழுதினார். ஆதாரம்? எகிப்திய எழுத்தை ஷாம்போலியோன் படித்துக் காட்டியதே 1822-ல்தான். அதாவது படிக்கத் தெரிவதற்கு 41 வருஷம் முன்பே இவர் அர்த்தம் சொல்லிவிட்டார்! நம்ம ஊர் மேடைப் பேச்சாளர்கள் தோற்றார்கள்.

அதே பாரிஸில் அலியெத் என்று ஒருவர். தன் பெயரின் எழுத்துக்களைத் திருப்பிப் போட்டு 'எத்தெய்லா' என்று வைத்துக்கொண்டவர். 1770-லேயே, 32 சீட்டுள்ள சாதாரண பிக்கெட் கட்டை வைத்து எதிர்காலம் பார்ப்பது எப்படி என்று புத்தகம் போட்டார். எகிப்து அலை அடித்ததும் டாரட்டுக்குத் தாவினார். ஜோசியத்துக்கென்றே ஒரு கட்டை அச்சடித்து விற்றார். பிரெஞ்சுப் புரட்சிச் சமயம் அது. அன்றைக்கு பாரிஸில் நாளைக்கு யார் தலை இருக்கும் என்பதே கேள்வி. சரக்கு விற்காமல் என்ன செய்யும்?

இன்று உலகம் முழுக்கக் கடையில் கிடைக்கிற டாரட் லண்டனில் 1909-ல் வந்தது. யோசனை ஆர்தர் எட்வர்ட் வெயிட், படம் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். பழைய கட்டில் ஐந்து கோப்பை என்றால் ஐந்து கோப்பையைத்தான் வரைவார்கள். இந்த அம்மாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காட்சி வரைந்தார். மூன்று கோப்பை கவிழ்ந்து கிடக்க, கறுப்பு அங்கி போட்டவன் தலை குனிந்து நிற்கிறான். பார்த்தாலே சோகம் புரியும். பரிபாஷை தெரியாதவனும் ஜோசியம் சொல்லலாம் என்று ஆனது அதனால்தான். பெரிய வேலை, சொற்பக் கூலி என்று அவரே ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். 1951-ல் கடனோடு இறந்தார். கட்டு மட்டும் இன்றுவரை விற்றுக்கொண்டே இருக்கிறது. அடுத்தவர் எதிர்காலத்துக்கெல்லாம் படம் போட்டவர்!

மூன்றாவதாக 'ஆரக்கிள்' என்று ஒரு வகை. இதற்குக் கணக்கே கிடையாது. நாற்பது சீட்டும் இருக்கும், ஐம்பதும் இருக்கும். தேவதை, பூனை, பூ என்று வரைந்தவர் இஷ்டம். கீழே ஒரு நல்ல வார்த்தை அச்சடித்திருக்கும். தினசரிக் காலண்டரில் ராசிபலனில் 'நன்மை', 'வரவு' என்று போடுவார்களே, அதன் சீமைப் பதிப்பு.

* * *

மறுநாள் லெனோர்மான் அம்மையாரைத் தேடிப் போனேன். ஓதியோன் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் ரூ த தூர்னோன் என்ற தெரு. மேல்கோடியில் செனட் சபையின் அரண்மனை. 5-ஆம் எண் வீட்டு வாசலில் நின்றேன். இங்கேதான் மரி ஆன் லெனோர்மான் சீட்டுப் போட்டார். பிறந்தது 1772, இறந்தது 1843. நெப்போலியனின் மனைவி ஜோஸபின் தன்னிடம் ஆலோசனை கேட்டதாக அவரே பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டார். 1809 டிசம்பரில், நெப்போலியன் ஜோஸபினை விவாகரத்து செய்கிற நேரத்தில், போலீஸ் அவரைக் கைது செய்தது. அதையும் ஒரு புத்தகமாக்கி 1814-ல் விற்றுவிட்டார். உள்ளே போனதிலும் லாபம் பார்த்தவர்!

அங்கிருந்து பேர் லாஷேஸ் கல்லறைத் தோட்டம். ஷோபான், ஆஸ்கார் வைல்ட் எல்லாம் படுத்திருக்கிற இடம். லெனோர்மான் கல்லறையில் வாடாத பூ இருந்தது. 1843-ல் போனவருக்கு இன்றைக்கும் யாரோ பூ வைக்கிறார்கள்.

அவர் பெயரில்தான் நாலாவது வகை. 'சின்ன லெனோர்மான்', 36 சீட்டு. குதிரைக்காரன், கப்பல், வீடு, சவப்பெட்டி, நாய், சாவி என்று எல்லாம் அன்றாடப் பொருள். டாரட்டில் ஒரே சீட்டு ஒரு கதை சொல்லும். லெனோர்மானில் தனிச்சீட்டுக்கு அவ்வளவு மதிப்பில்லை. பக்கத்துச் சீட்டோடு சேர்த்துத்தான் அர்த்தம், வார்த்தைகள் சேர்ந்து வாக்கியமாகிற மாதிரி.

இதிலும் ஒரு குட்டு. இந்தக் கட்டுக்கும் அந்த அம்மையாருக்கும் சம்பந்தமே இல்லை! நியூரம்பெர்க் நகரத்து ஹெக்டெல் என்பவர் 1799-ஐ ஒட்டி 'நம்பிக்கை ஆட்டம்' என்று ஒரு விளையாட்டு தயாரித்தார். 36 சீட்டையும் ஆறுக்கு ஆறாகப் பரப்பி, தாயம் உருட்டி, காய் நகர்த்தணும். 35-ஆவது சீட்டான நங்கூரத்துக்கு வந்தால் ஜெயம். கிட்டத்தட்ட நம்ம பரமபதம். அம்மையார் இறந்த பிறகு யாரோ அவர் பெயரை அதற்குச் சூட்டி ஜோசியக் கட்டாக விற்றுவிட்டார்கள்.

எனக்கு ஒரே குஷி. ஞாயிற்றுக்கிழமை அந்த வெள்ளைக்கார அம்மாளுக்கு வைத்திருக்கிறேன் வெடி!

அன்று ராத்திரி பையன் கேட்டான்: "உங்கட ஊரிலை கிளியே சீட்டு எடுக்கும்? அப்பிடியோ அண்ணை?"

சொன்னேன். 27 நட்சத்திரத்துக்கு 27 அட்டை. பிள்ளையார், முருகன், சில கட்டுகளில் மேரி மாதாவும் இருப்பார். பெயரைச் சொன்னால் கிளி வெளியே வந்து, ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒன்றைக் கவ்விக் கொடுத்துவிட்டு, ஒரு நெல்லை வாங்கிக்கொண்டு கூண்டுக்குள் போய்விடும். 2010 உலகக் கோப்பைக் கால்பந்தில் சிங்கப்பூர்த் தமிழர் ஒருவரின் கிளி வரிசையாகச் சரியாகச் சொல்லி உலகப் புகழ் பெற்று, கடைசியில் ஃபைனலில் நெதர்லாந்து என்று எடுத்து ஸ்பெயினிடம் மாட்டிக்கொண்டது. 2024 ஏப்ரலில் கடலூரில் ஒரு வேட்பாளருக்குக் கிளி வெற்றிச் சீட்டு எடுத்தது. படம் பரவியதும் வனத்துறை வந்து கிளிகளைப் பறிமுதல் செய்தது. பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஜூனில் வேட்பாளரும் தோற்றார். கிளி தன் சீட்டைத் தானே எடுத்துப் பார்த்திருக்கலாம்.

பையன் ரொம்ப நேரம் சிரித்தான். பிறகு, "கிளிக்குக் காட் இல்லை எண்டு பிடிச்சவங்களோ?" என்றான். நான் சிரிக்கவில்லை.

* * *

ஞாயிறு. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். முக்காடு, பளிங்கு உருண்டை, கறுப்புப் பூனை எதுவும் இல்லை. பின்னல் ஸ்வெட்டர், காலில் செருப்பு. தேநீர் கொடுத்தார். மேஜை மேல் ஒரு சின்னக் கட்டு. எட்டிப் பார்த்தேன். லெனோர்மான்! மனசுக்குள் கை தட்டிக்கொண்டேன்.

பையன் கலைத்தான். அம்மாள் ஐந்து சீட்டை வரிசையாக வைத்தார். கப்பல். மலை. கோபுரம். எலிகள். கடிதம். பையன் எனக்கு மொழிபெயர்த்தான். "கன தூரத்திலை இருந்து வந்தனீ. பெரிய தடை ஒண்டு நிக்குது. அரசாங்கம். எலி மாதிரிக் கவலை உன்ரை நித்திரையை அரிக்குது. கடிதம் ஒண்டு வரும்."

அடேயப்பா! ஒரு இலங்கைத் தமிழ்ப் பையன் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். தூரப் பயணம், தடை, ஆபீஸ், கவலை, கடிதம். லா ஷாப்பல் தெருவில் நிற்கிற பாதிப் பேருக்கு இதே ஐந்து சீட்டுதான். இதற்கு ஐம்பது யூரோவா? நான் வாயைத் திறக்கத் தயாரானேன். ஹெக்டெல், நியூரம்பெர்க், தாயக்கட்டை எல்லாம் நாக்கு நுனியில்.

அதற்குள் அம்மாள் சீட்டை விட்டுவிட்டு ஏதோ கேட்டார். பையன் பதில் சொன்னான். இன்னொரு கேள்வி. நீளமான பதில். 'அம்மா' என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. அவன் குரல் உடைந்து, மறுபடி சரியாகி, மறுபடி உடைந்தது. அம்மாள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அரை மணி முக்கால் மணியாயிற்று.

கடைசியில் அம்மாள் 'கடிதம்' சீட்டின் வலப்பக்கம் காலியாக இருந்த இடத்தை விரலால் தட்டிக் காட்டினார்.

"கடிதம் நல்லதோ கூடாததோ எண்டு பக்கத்துச் சீட்டுத்தான் சொல்லுமாம். இன்னொண்டு எடுக்கச் சொல்லுறா."

"எடேன்."

பையன் கட்டையே பார்த்தான். கை பாதி தூரம் போனது. பிறகு இழுத்துக்கொண்டான்.

"வேண்டாம் அண்ணை."

* * *

படி இறங்கும்போது என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். தாய விளையாட்டு, செத்த அம்மையாரின் பெயர், எகிப்துப் புளுகு, எல்லாவற்றையும். மூன்று நாள் ஆராய்ச்சி. மூன்று மாடி இறங்கி முடிக்கும்வரை பேசினேன்.

அவன் பொறுமையாகக் கேட்டான். "அவ கள்ளியோ அண்ணை?"

நியாயமாக 'ஆமாம்' என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

"எனக்கும் தெரியும் அண்ணை, சீட்டுக்கு ஒண்டும் தெரியாதெண்டு. ஆபீஸிலை நம்பர் கூப்பிடுவினம். போய் இருப்பன். கேட்டதுக்கு மட்டும் சொல்லச் சொல்லுவினம். திகதி பிழைச்சால் பொய்யெண்டு எழுதுவினம். வீட்டை அம்மாவோடை கதைச்சால் நான் சுகமெண்டு சொல்லவேணும். இஞ்சை வந்து மூண்டு வருசம். என்ரை கதையை முழுக்கக் கேட்டது இவ ஒருத்திதான்."

நாங்கள் மெட்ரோ வரை பேசாமல் நடந்தோம். ஐம்பது யூரோவை எந்தப் பக்கம் எழுதுவது, செலவா, வேறெதுவுமா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் கல்லூரியில் அதற்கு லெட்ஜர் சொல்லித் தரவில்லை.

* * *

சென்னைக்கு வந்து நாலு மாதமாயிற்று. விசாரணை முடிந்துவிட்டது, தீர்ப்புக்குக் காத்திருக்கிறான் என்று சகலை சொல்லியிருந்தார். போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு பையனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். துண்டுக் காகிதம், ஏதோ டிக் அடித்திருந்தது. பிரெஞ்சு. நான் இன்னும் இரண்டு வார்த்தைக்காரன்தான்.

"என்ன தம்பி இது?"

"தபால்காரன் வைச்சிட்டுப் போன சீட்டு அண்ணை. பதிவுத் தபால் வந்திருக்காம். நான் வேலைக்குப் போயிட்டன். நாளைக்கு ஒன்பது மணிக்குத் தபால் கந்தோரிலை போய் எடுக்கவேணும்."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது. "உள்ளை என்ன இருக்கும் அண்ணை?"

78 சீட்டும் தெரியும், 36-ம் தெரியும், 32-ம் 27-ம் தெரியும். எதிலும் இதற்குப் பதில் இல்லை. பக்கத்துச் சீட்டு எங்கேயோ ஒரு பாரிஸ் தபால் ஆபீஸ் அலமாரியில் ஒட்டின கவருக்குள் இருக்கிறது. எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் இப்படி அனுப்பினேன்:

"காலையில் சாப்பிட்டுவிட்டுப் போ தம்பி. தனியாகப் போகாதே. சகலையைக் கூட்டிக்கொண்டு போ."